நன்றியுரைக்கு நேர வரம்பு இல்லை

வெளிப் பேச்சாளர்களை வளாகத்துக்கு அழைப்பது பற்றிய வழிகாட்டியின் ஒன்பதாம் பிரிவு, நான்காம் உட்பிரிவின்படி, முழுமையான விண்ணப்பம் கிடைத்த ஏழு வேலை நாட்களுக்குள் துணைப் பதிவாளர் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். தராவிட்டால் அனுமதி வழங்கப்பட்டதாகவே கொள்ளப்படும். அருமையான விதி. படித்ததும் எழுந்து நின்று ஒரு கும்பிடு போட்டேன். 'முழுமையான' என்ற சொல்லை இரண்டாம் முறை பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். விண்ணப்பம் முழுமையா இல்லையா என்று யார் சொல்வது? அதே துணைப் பதிவாளர். எப்போது சொல்வது? அதற்கு விதி இல்லை.

இந்த ஓட்டை எனக்குப் புதிதல்ல. முப்பத்திரண்டு ஆண்டுகள் ஈப்போவில் ஒரு கல்லூரியின் பதிவாளர் அலுவலகத்தில் உட்கார்ந்து, பிடிக்காத விண்ணப்பங்களை எல்லாம் இதே ஓட்டை வழியாகத்தான் கீழே விட்டேன். மறுத்தால் மேல்முறையீடு வரும். 'ஓர் இணைப்பு குறைகிறது' என்று எழுதினால் எதுவும் வராது. ஓய்வு பெறுவதற்கு முன் இந்தக் கலையை நான்கு பேருக்குக் கற்றுக்கொடுத்தேன். அவர்களில் ஒருவர்தான் இப்போது இந்த வழிகாட்டியை வைத்திருக்கும் பல்கலைக்கழகத்தின் துணைப் பதிவாளர்.

ஓய்வுக்குப் பின் சில காலம் வீட்டில் இருந்தேன். மின்கட்டண ரசீதுகளுக்கு ஒரு கோப்பு, குளிர்பதனப் பெட்டியின் உத்தரவாதச் சீட்டுக்கு ஒரு கோப்பு, கோப்புகளின் பட்டியலுக்கு ஒரு கோப்பு என்று திறந்தேன். குழம்பில் உப்பு குறைவது பற்றி ஒரு குறிப்பு எழுதத் தொடங்கிய அன்று என் மனைவி, "தயவுசெஞ்சு எங்கயாச்சும் போய் படிங்க" என்றாள். அறுபத்தாறு வயதில் வரலாற்றுத் துறையில் முதுகலை மாணவனாகச் சேர்ந்தேன். மாணவர் அட்டை கொடுத்தார்கள். ஒழுங்கு விதிகள் அடங்கிய சிறு புத்தகம் ஒன்றும் கொடுத்தார்கள். அந்த மாதிரிப் புத்தகங்களை அச்சுக்கு அனுப்பியே பழகிய எனக்கு, அதன் உள்ளே மாட்டிக்கொள்வது குதூகலமாக இருந்தது.

எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை. பேராக் மாநிலத்தில் பழைய ரப்பர்த் தோட்டத்தின் மேல் நிற்காத கட்டடத்தைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். இது நான் பிறந்த தோட்டம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அப்பா அங்கே கிராணியாக, அதாவது பேரேடு எழுதும் அலுவலராக, இருந்தார். எனக்கு எட்டு வயதாகும்போது ஈப்போவுக்குக் குடிவந்தோம். பிறகு தோட்டம் கைமாறி, மரங்கள் விழுந்து, லயங்கள் என்று நாங்கள் சொல்லும் தொழிலாளர் வரிசை வீடுகள் இடிந்து, வளாகம் எழுந்தது. எழுந்த வளாகத்தின் வாசலில் பித்தளையில் ஒரு பலகை இருக்கிறது. பல்கலைக்கழகம் வருமுன் இது மனிதர் வசிக்காத காடாக இருந்தது என்று அதில் எழுதியிருக்கிறது.

அந்தப் பலகையைப் படித்த அன்றுதான் என் ஆய்வுத் தலைப்பு பிறந்தது. ரப்பர்த் தோட்டமாக இருந்த இந்த வளாகத்தில் வாழ்ந்தவர்கள். துறை அதை ஒரே கூட்டத்தில் ஏற்றுக்கொண்டது. அதே உற்சாகத்தோடு ஆயர் தாவார் ஊரில் மகளோடு இருக்கும், எங்கள் தோட்டத்து அக்கா ஒருவருக்குத் தொலைபேசியில் பலகையைப் படித்துக் காட்டினேன். எழுபத்தெட்டு வயது. லயத்தில் பிறந்து, முப்பது ஆண்டுகள் அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர்.

"என்னது, காடா?" என்றார். "அப்ப நா என்னா, கொரங்கா?"

"அப்படித்தான் எழுதியிருக்கு அக்கா."

"நீயும் அங்கதானலா பொறந்த. கிராணி வீட்டுக் கொரங்கு."

சிரித்து முடித்ததும் அவர் குரல் மாறியது. "நா அங்க வந்து பேசணும் தம்பி. அந்த எடத்துலயே நின்னு. லயத்துல பொறந்து இன்னும் வாய் இருக்கிறது நா ஒருத்திதான். நா போயிட்டேன்னா அந்தப் போர்டு சொல்றதுதான் நெசம்."

சரி என்றேன். துறை வாராந்தரம் நடத்தும் கருத்தரங்கில் அவர் பேசுவது, நான் அறிமுகம் செய்வது என்று முடிவானது. மார்ச் மாதம் இணையதளத்தில் விண்ணப்பம் போட்டேன். பேச்சாளரின் தகுதி என்ற இடத்தில் தட்டினால் நான்கு விடைகள் இறங்கின: பேராசிரியர், முனைவர், தொழில்துறை நிபுணர், பிற. 'பிற' என்பதைத் தேர்ந்தெடுத்தால் விளக்கம் கேட்கும், விளக்கம் கேட்டால் தாமதம் வரும். முப்பது ஆண்டு ரப்பர் தொழில் செய்தவர் தொழில்துறை நிபுணர் அல்லாமல் வேறு யார்? அதையே தேர்ந்தெடுத்தேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. விண்ணப்பம் முழுமையற்றது, பேச்சாளரின் நிறுவனம் வழங்கிய கடிதம் இணைக்கப்படவில்லை.

அந்த நிறுவனம் மூன்று முறை விற்கப்பட்டு இப்போது எங்கே இருக்கிறது என்று அதற்கே தெரியாது. ஆகவே தகுதியை 'பிற' என்று மாற்றினேன். விளக்கம் கேட்டார்கள். கொடுத்தேன். புகைப்படம் கேட்டார்கள். அக்கா தம் பேரப்பிள்ளையின் பிறந்தநாளில் கேக் ஊட்டும் படத்தை அனுப்பினார். கேக் இல்லாத படம் கேட்டார்கள். பிறகு உரையின் முழு எழுத்து வடிவம் கேட்டார்கள்.

"என்னா பேசுவேன்னு எனக்கே தெரியாதுலா," என்றார் அக்கா. "மைக்கு குடுத்தாத்தான் தெரியும்."

"சும்மா ரெண்டு பக்கம் சொல்லுங்க அக்கா, நான் எழுதிக்கிறேன்."

"நீங்க யாழ்ப்பாணத்து ஆளுங்க பேப்பர் இல்லாம மூச்சே விடமாட்டீங்க. எழுதிக்க. ஆனா அதத்தான் பேசுவேன்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

எழுதினேன். மலாயில் மொழிபெயர்ப்பு கேட்டார்கள். மொழிபெயர்த்தேன். மொழிபெயர்ப்பு சரி என்று இன்னொருவர் உறுதிசெய்த கடிதம் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஏழு நாள் கடிகாரம் முதலிலிருந்து ஓடியது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆறாவது கடிதத்தில், 'தங்கள் பொறுமைக்கு நன்றி' என்பதை முதல் வரியாகப் போட்டிருந்ததைப் பார்த்து, அட, இதைக்கூட மறக்காமல் வைத்திருக்கிறானே என்று பூரித்துப்போனேன். அந்த வரியும் என்னுடையதுதான்.

கடைசியில் துணைப் பதிவாளரே கூப்பிட்டார். ஈப்போ பழைய நகரில் ஒரு கோப்பிக் கடையில் சந்தித்தோம். ஐம்பது வயதைத் தாண்டியும் என் முன்னால் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார்.

"சார், தலைப்ப மட்டும் மாத்திடுங்க. நாளைக்கே சைன் பண்றேன்."

"என்ன தலைப்பு வேணும்?"

"தோட்டப்புறப் பெண்களின் பாரம்பரியச் சமையல். சமையல்னா ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க சார்."

"ஆய்வுத் தலைப்பைத் துறைதான் முடிவு பண்ணும். பிரிவு இரண்டு. உங்க ஆபீஸுக்கு அதில வேலையே இல்லை."

"தெரியும் சார். பிரிவு ரெண்ட நீங்கதானே எனக்கு மனப்பாடம் பண்ணி வச்சீங்க." கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "வெள்ளி விழா மலர் அச்சுல இருக்கு. மொதப் பக்கமே காடுதான். மேல உள்ளவங்க எல்லாம் வாழ்த்துரை குடுத்துட்டாங்க. இப்ப போய் ஒருத்தங்க மண்டபத்துல நின்னு, இது எங்க வீடுன்னு சொன்னா, மலர என்னா சார் பண்றது?"

"திருத்தறது."

"யாரு சார் திருத்துவா?" என்றார். என் காலத்தில் நானும் திருத்தியிருக்க மாட்டேன் என்பது அந்த மேசையில் இருந்த இருவருக்கும் தெரியும். கோப்பிக்கு யார் கொடுப்பது என்று கொஞ்ச நேரம் சண்டை போட்டுவிட்டுப் பிரிந்தோம்.

சமையல் தலைப்பை அக்காவிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "ரெண்டு நிமிசம் சமையலு, மிச்சம் நம்ம கதை. என்னாலா தப்பு?" என்றார். கொள்கை என்று ஒன்று இருக்கிறது என்று விளக்கினேன். கொள்கையை வைத்துக்கொண்டு வீட்டிலேயே இரு, நான் போய்ச் சமைக்கிறேன் என்றார். அன்று இரண்டு பேரும் பாதிப் பேச்சில் தொலைபேசியை வைத்தோம்.

அப்போதுதான் முனீஸ்வரர் குறுக்கே வந்தார். தோட்டத்து நிலம் கைமாறியபோது, விளையாட்டு மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் சிறு முனீஸ்வரர் கோயிலை அப்படியே விட்டுவிடுவது, ஆண்டுக்கு ஒருமுறை வளாகத்துக்குள் திருவிழா நடத்த அனுமதிப்பது என்று ஓர் உடன்பாடு. மே மாதத்தில் ஒரு ஞாயிறு. பழைய தோட்டத்து ஆட்கள் எங்கிருந்தாலும் அன்றைக்கு வந்துவிடுவார்கள். கோயில் செயலாளர் லாரி ஓட்டுபவர். அனுமதிக் கடிதம் வந்துவிட்டது, கொஞ்சம் படித்துப் பாருங்கள் அண்ணே என்று என்னிடம் நீட்டினார்.

அந்தக் கடிதத்தைப் போல் அழகான ஒன்றை என் பணிக்காலம் முழுவதிலும் நான் பார்த்ததில்லை. ஆண்டுதோறும் போன ஆண்டுக் கடிதத்தை நகல் எடுத்துத் தேதியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். எத்தனை ஆண்டு நகல் என்றால், ஓரத்தில் ஒரு கொசு செத்து, அந்தக் கொசுவும் நகலாகிக்கொண்டே வந்திருக்கிறது. இணைப்பில் நிகழ்ச்சி நிரல். பூசை, உறுமி மேளம், தேர் ஊர்வலம், ஊர்வலப் பாதை: கோயில், நூலகம், பெரிய மண்டபம், கார் நிறுத்துமிடம், முன்வாசல். ஒலிபெருக்கிக்கு அனுமதி உண்டு. எட்டாவது அங்கம்: நன்றியுரை, ஆலயக் குழு சார்பில், ஊர்வலத்தின்போது. ஒவ்வொரு அங்கத்துக்கும் எதிரே நேரம் போட்டிருந்தது. நன்றியுரைக்கு எதிரே மட்டும் காலி.

அந்தக் காலி இடத்தைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் செயலாளர் பயந்துவிட்டார். "அண்ணே, தண்ணி வேணுமா?" என்றார்.

"நன்றியுரை யாரு பேசறது?"

"எப்பவும் நாந்தான். மூணு வரி. அதுக்கே நாக்கு ஒட்டிக்கும்."

"இந்த வருசம் உங்களுக்கு ஓய்வு."

ஆலயக் குழு சார்பில் பேச வேண்டுமானால் அக்கா குழு உறுப்பினராக வேண்டும். அன்று மாலையே செயலாளரின் சமையலறையில் அவசரக் கூட்டம். குறைந்தபட்சம் ஐந்து பேர் வேண்டும். அவருடைய தம்பியைக் குளியலறையிலிருந்து அழைத்து எண்ணிக்கையை நிறைவு செய்தோம். ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார், நுரை பொங்க தே தாரேக் தேநீர் வந்தது, கூட்ட அறிக்கையை நான் எழுதினேன். அக்கா ஆலயக் குழுவின் சிறப்பு உறுப்பினர் ஆனார். பிறகு அவரைக் கூப்பிட்டு ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன். என்ன வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் மூச்சுக்கு ஒருமுறை நன்றி என்று முடிக்க வேண்டும். அப்போதுதான் அது நன்றியுரை.

"கிராணி மவனே," என்றார் அக்கா, "நீ ரொம்பக் கெட்டவன்டா."

திருவிழா ஞாயிறு காலை வெயில் பளீரென்று அடித்தது. ஊர்வலத்தின் முன்னால் துணைப் பதிவாளர் நடந்தார். பல்கலைக்கழகத்தின் சார்பில் ஒருவர் வந்து பொன்னாடை வாங்கிக்கொள்வது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மேலே உள்ளவர்கள் ஆண்டுதோறும் அவரைத்தான் அனுப்புவார்கள். தோளில் பொன்னாடை, கழுத்தில் ரோஜா மாலை, கையில் தேங்காய்த் தட்டு. இரண்டு கையும் கட்டுப்பட்ட நிலை. பின்னால் உறுமி மேளம், அதற்குப் பின்னால் தேர், அதற்கும் பின்னால் ஒலிபெருக்கி கட்டிய செயலாளரின் சிறு லாரி. அதில் நாற்காலி போட்டு, பட்டுச் சேலையில், கையில் மைக்கோடு அக்கா.

ஊர்வலம் நூலகத்தின் முன் நின்றது. மேளம் ஓய்ந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். நன்றி சொல்ல வந்திருக்கேன். மொதல்ல முனீஸ்வரருக்கு நன்றி. கோயில இடிக்காம வச்ச பல்கலைக்கழகத்துக்கு நன்றி." துணைப் பதிவாளர் மகிழ்ச்சியோடு தலையாட்டினார். "இந்த லைப்ரரிக்கு நன்றி. இதுக்குக் கீழதான் எங்க ஆறாம் நம்பர் லயம். மூணாவது கதவுல எங்கம்மா என்னையப் பெத்தாங்க. நர்சு வர்றதுக்குள்ள நா வந்துட்டேன். அந்த நர்சுக்கும் நன்றி, பொறவு வந்தாலும் வந்தாங்க."

தலையாட்டல் நின்றது. கூட்டம் சிரித்தது. விடுதி மாடங்களில் மாணவர்கள் தலை நீட்டினார்கள். ஊர்வலம் பெரிய மண்டபத்துக்கு நகர்ந்தது.

"இந்த ஏர்கான் மண்டபத்துக்கு நன்றி. இதுதான் எங்க ஆயாக்கொட்டகை. வேலைக்குப் போறதுக்கு முன்னால புள்ளைங்கள இங்கதான் விட்டுட்டுப் போவோம், ஆயா தூங்க வைப்பாங்க. இப்ப பெரிய பெரிய ஆளுங்கள உக்கார வச்சு மைக்கு போட்டுத் தூங்க வைக்கிறாங்களாம். தொழில விடாம நடத்துறதுக்கு ரொம்ப நன்றி."

என் பின்னால் வந்த இரண்டு விரிவுரையாளர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவர் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தேவிட்டார். கார் நிறுத்துமிடம் வந்தது. அங்கேதான் விடியற்காலையில் பெரட்டு, அதாவது ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடம்.

"இந்த பார்க்கிங்குக்கு நன்றி. இங்கதான் கிராணி நின்னு எங்க பேரக் கூப்பிடுவாரு. ஒரு நிமிசம் பிந்துனாலும் பேர அடிச்சிருவாரு. அந்தக் கிராணியோட மவன் இந்தா நிக்கிறாரு. அவரு இப்ப எங்க பேரெல்லாம் திரும்ப எழுதிக்கிட்டு இருக்காரு. அப்பன் அடிச்சத மவன் எழுதுறாரு, அவருக்கும் நன்றி."

நான் அறுபத்தாறு வயதில் முகம் சிவந்து நின்றேன். ஊர்வலம் முன்வாசலுக்குப் போய்ப் பித்தளைப் பலகையின் எதிரில் நின்றது.

"இந்தப் போர்டுக்கு நன்றி. எனக்குப் படிக்கத் தெரியாது, தம்பி படிச்சுச் சொன்னாரு. இங்க மனுசனே இல்ல, காடுதான் இருந்துச்சாம். அப்ப கிராணி யாரு பேரய்யா கூப்பிட்டாரு? புலி பேரா?" பிறகு மைக்கைக் கீழே சாய்த்தார். "மால போட்ட ஐயா, நீங்க எந்த ஊரு?"

தட்டோடு திரும்பினார் துணைப் பதிவாளர். "பாகான் டத்தோ, அக்கா."

"தென்னந்தோட்டமா?"

"ஆமாங்க. தோட்டந்தான்."

"உங்க தோட்டத்துலயும் போர்டு வச்சுட்டாங்களா?"

கூட்டம் வெடித்தது. அவரும் சிரித்துவிட்டார், தேங்காய் தட்டில் உருண்டது. அப்போதுதான் பாதுகாப்புப் பிரிவின் காவலர் ஒருவர் அவர் அருகே போய், நிறுத்தவா என்று மலாயில் கேட்டதை நான் பார்த்தேன். கேட்டது காதில் விழும் தூரத்தில்தான் நின்றேன். இத்தனை நாள் கடிதங்களில் தள்ளிப்போட்டதை இப்போது ஒரு தலையசைப்பில் முடித்துவிடலாம். ஒலிபெருக்கியின் கம்பியைப் பிடுங்க ஒரு விநாடி போதும். அவர் காவலரைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். மறந்தும் என்னைப் பார்க்கவில்லை.

"புரோக்ராம்ல எட்டாவது அயிட்டம்," என்றார். "பெலும் ஹாபிஸ்." இன்னும் முடியவில்லை.

முடியத்தான் இல்லை. அக்கா பெரட்டு கூப்பிடத் தொடங்கினார். அவர் நினைவில் இருந்த லயத்து ஆட்களின் பெயர்கள், வரிசை வீடு மாறாமல். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் நன்றி. முதல் சில பெயர்களுக்கு ஒரு சத்தமும் இல்லை. பிறகு கூட்டத்தில் இருந்த ஓர் அம்மாள், தம் அப்பாவின் பெயர் வந்ததும், "வந்தாச்சு!" என்று கத்தினார். அடுத்த பெயருக்குப் பேரன் ஒருவன் கையைத் தூக்கினான். அதன்பின் உறுமிக்காரர்கள் ஒவ்வொரு 'வந்தாச்சு'க்கும் ஓர் அடி போட ஆரம்பித்துவிட்டார்கள். உறவே இல்லாத மாணவர்கள்கூட, பதில் வராத பெயர்களுக்கு 'வந்தாச்சு' சொன்னார்கள். அன்னதானச் சோறு ஆறிப்போனது. நேரத்தைக் குறித்துக்கொள்வது என் பழக்கம். அன்று மறந்துவிட்டேன்.

அடுத்த வாரம் பாதுகாப்புப் பிரிவிலிருந்து எனக்குக் காரணம் கேட்டுக் கடிதம் வந்தது. வாழ்நாளில் நூற்றுக்கணக்கில் எழுதியவனுக்கு முதன்முறையாக ஒன்று வந்திருக்கிறது. மனைவியிடம் காட்டினேன், கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "உங்கள விட நல்லா எழுதியிருக்காங்க" என்றாள். இரண்டாம் பத்தியில் விதி எண் தவறாக இருந்தது. திருத்தி, நிகழ்ச்சி நிரலையும் கூட்ட அறிக்கையையும் இணைத்து, அன்றே பதில் அனுப்பினேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. வெள்ளி விழா மலர் காட்டோடுதான் வெளிவந்தது. பலகையும் இடத்தில்தான் இருந்தது. எனக்கும் ஒரு சங்கடம் மிஞ்சியது. அக்கா பேசிவிட்டார், ஆனால் ஆய்வில் அதை என்னவென்று காட்டுவது? கோயில் நன்றியுரை என்றா? இது தோட்டமாக இருந்தது என்பதற்குப் பல்கலைக்கழகத்தின் தாள் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

ஐந்து மாதம் கழித்து, மார்ச்சில் போட்ட விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. எல்லோரும் மறந்துவிட்ட விண்ணப்பம். பல்கலைக்கழக முத்திரையிட்ட முழுத் தாள், கோப்பு எண், கையெழுத்து. விண்ணப்பம் முழுமையானதாகக் காணப்படுகிறது. கேட்கப்பட்ட தேதியில் உரைக்கு அனுமதி வழங்கப்படுகிறது. அந்தத் தேதி போய் அரை ஆண்டு ஆகியிருந்தது. முதலில் சிரித்தேன். பிறகு இன்னொரு முறை படித்தேன். இப்படிப்பட்ட கடிதத்தில் 'மேற்கண்ட நிகழ்ச்சி' என்று எழுதுவதுதான் வழக்கம். நான் அப்படித்தான் கற்றுக்கொடுத்தேன். அவர் அப்படி எழுதவில்லை. தலைப்பை முழுமையாக எழுதியிருந்தார். ஒருமுறை அல்ல, மூன்று முறை. ரப்பர்த் தோட்டமாக இருந்த இந்த வளாகத்தில் வாழ்ந்தவர்கள். ரப்பர்த் தோட்டமாக இருந்த இந்த வளாகத்தில். ரப்பர்த் தோட்டமாக இருந்த. பல்கலைக்கழகத்தின் சொந்தத் தாளில், சொந்த முத்திரையின் கீழ்.

அக்காவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன்.

"அப்ப காடு இல்லன்னு அவங்களே எழுதிட்டாங்களா?"

"எழுதிட்டாங்க அக்கா. கையெழுத்து போட்டு."

பின்னால் தொலைக்காட்சி ஓடியது. "அந்த மால போட்ட ஐயாவா?" என்றார். "சாப்பிடாமப் போயிட்டாரே அன்னிக்கு."

என் ஆய்வேட்டின் முதல் அடிக்குறிப்பு அந்தக் கடிதம்தான். அடிக்குறிப்பில் கடிதத்தின் தேதியைப் போட வேண்டும், கிடைத்த தேதியையும் போடலாம். நான் இரண்டையும் போட்டேன், கையெழுத்து போட்ட அன்றே ஆள் வழி கொடுத்தனுப்பியிருந்ததால் இரண்டும் ஒன்றுதான்: அக்டோபர் இருபத்தொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, தீபாவளிக்கு மறுநாள், அலுவலகத்தில் பாதிப் பேர் விடுமுறையில் இருந்த நாள்.